நல்லாத் தள்ளுங்க அண்ணி

எங்கள் அலுவலகத்தில் விமானம் இல்லாத இரண்டு விமான இருக்கைகள் இருக்கின்றன. கொழும்பில் ஐந்தாம் மாடியில், ஜன்னலோரமாக, ஓர் இரும்புத் தகட்டில் ஆணி முடுக்கி நிறுத்தி வைத்திருக்கிறோம். அவற்றுக்கு முன்னால் இன்னோர் இருக்கையின் முதுகு மட்டும் தனியாக நிற்கும். அதன் பின்பக்கத்தில் மடக்கி இறக்கும் ட்ரே. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாள் அதில் உட்கார வைத்து, பட்டனை அழுத்திச் சாயச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் முதன்முதலாகச் சாய்ந்தேன். அன்றைக்கு நான் விமானத்துக்குள் கால் வைத்தவன் இல்லை. இன்றைக்கும் இல்லை. விமான இருக்கை வரைகிற வேலையில் இது ஏழாவது வருடம், ஒரு தடவைகூடப் பறந்ததில்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அண்ணி இறந்து நான்கு மாதம் ஆகிறது. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். மதியம் அந்த இருக்கையில் உட்கார்ந்து, ட்ரேயை இறக்கி, சோற்றுப் பெட்டியை அதில் வைத்துச் சாப்பிடுகிறேன். அழுகை வரவில்லை. எங்கள் ஊரான மடுல்சீமையில் மழையோடு அவர் உடலைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கியபோதும் வரவில்லை, கருமாதியன்றும் வரவில்லை. அண்ணன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். கால் மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்பார்கள் அல்லவா, இதை எழுதுவது கிட்டத்தட்ட அதற்காகத்தான். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன இடத்தில் மாடிப்படியில் விழுந்து அவர் முதுகு கெட்டுப்போனது என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். படியால்தான் கெட்டதா, அல்லது நான் சொன்ன ஒரு பேச்சால் கெட்டதா என்ற சந்தேகம் எனக்கு மட்டும் இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட கதை இது.

அண்ணி பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு மடுல்சீமைக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அப்பா முன்னமே இல்லை, அம்மா அதற்கு முந்திய வருடம் போயிருந்தார். வீட்டில் அண்ணனும் நானும் ஆக்கித் தின்ற சோற்றைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு மறுநாளே அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் பாதையை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. "இது ரோடா, இல்ல ஆறு காஞ்சு கெடக்கா?" என்பார். பூனாகலையில் பஸ் வாசலுக்கே வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போகும் என்பது போலப் பேசுவார். நான் ஒருநாள் அங்கே போய்ப் பார்த்தேன். அங்கேயும் நடைதான்.

என்னை "டேய்" என்றும் "நீ" என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வேலை கிடைத்த செய்தியைப் போனில் சொன்ன அன்று திடீரென்று "நீங்க" ஆகிவிட்டது. "என்ன அண்ணி புதுசா?" என்று கேட்டேன். "பிளேனுக்கு சீட்டு செய்யிற ஆளு. நீ, வான்னு பேசுனா நல்லாவா இருக்கும்?" என்றார். நான் சீட்டு செய்யவில்லை, சீட்டின் சில பாகங்களைக் கணினியில் வரைகிறேன், செய்வது வேறு தேசத்தில் என்று விளக்கிப் பார்த்தேன். அது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டில் அவர் வேலை செய்த வீட்டில் இருந்த மற்றப் பெண்களிடமும் உலகத்தில் பறக்கிற எல்லோரும் எங்க தம்பி செய்த சீட்டில்தான் உட்கார்ந்து பறக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்.

அவர் வெளிநாட்டுக்குப் போனது நான் கொழும்புக்குப் படிக்கப் போன அதே வருடம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அண்ணன் சொன்னார், அண்ணி சொன்னார், நானும் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து சொன்னதால் அதுவே வழக்கமாகிவிட்டது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருக்கை சாய்கிறது என்கிறோமே, சாதாரண வகுப்பில் அது நாலைந்து விரற்கடைக்கு மேல் இல்லை. அந்த நாலைந்து விரற்கடைக்காகத்தான் அத்தனை படங்கள். கைப்பிடிக்குள் ஒரு பட்டன், பட்டனிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் மறுமுனையில் முதுகைப் பிடித்து நிறுத்தும் ஒரு தண்டு. பட்டனை அழுத்தினால் தண்டு பிடியை விடும், ஆள் முதுகால் தள்ளினால் இருக்கை பின்னால் போகும். ட்ரேக்கு வேறு கவலைகள். யாராவது அதில் கையை ஊன்றி எழுந்திருப்பார்கள், குழந்தை ஏறி உட்காரும், மடக்கும்போது விரல் நசுங்கக் கூடாது. எங்கள் மேலாளர் நிதானமான மனிதர். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "பயணி தப்பே செய்வதில்லை. தப்பாகப் பாவிக்கிற மாதிரி வரைந்தவன்தான் தப்பு செய்தவன்." அந்த நாளில் எனக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. நண்பர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வயதில் எட்டு மாதத்துக்கே தலைக்கனம் வந்துவிடும்.

அப்போதுதான் அண்ணி விழுந்தார். துவைத்த திரைச்சீலைகளைக் கூடையில் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. எங்களிடம் சொன்னது, "இடுப்புல கொஞ்சம் புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று மட்டும்தான். இரண்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்ய முடியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அந்த வீட்டார் அனுப்பிவிட்டார்கள். பயணத்துக்கு முதல் நாள் அண்ணி எனக்குப் போன் எடுத்து, அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து வரவேண்டுமே, முடியுமா என்று கேட்டார். அவர் என்னிடம் பயந்து கேட்ட கேள்வி அது ஒன்றுதான். எனக்கோ சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தெரிந்த விஷயத்தை வீட்டில் ஒருவர் முதல் தடவையாகக் கேட்கிறார்.

அலுவலகத்து இருக்கையில் போய் உட்கார்ந்து, பட்டனைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரு குரல் பதிவு செய்து அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. "கைப்பிடிக்கு உள்பக்கம் ஒரு பட்டன் இருக்கும் அண்ணி. அத அழுத்திப் புடிச்சுக்கிட்டு முதுகால தள்ளுங்க. மொதல்ல இறுக்கமாத்தான் இருக்கும். கூச்சப்படாதீங்க, பின்னால இருக்குறவங்க என்ன நெனைப்பாங்கன்னு பாக்காதீங்க. நல்லாத் தள்ளுங்க அண்ணி. எறங்கிரும். அப்புறம் சாஞ்சு தூங்கிக்கிட்டே வந்திரலாம்." இதுதான் முழுப் பதிவும். பதிவு முடிகிற இடத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கும். அதுவும் நான்தான் என்று நினைக்கிறேன்.

கட்டுநாயக்காவில் அண்ணனும் நானும் காத்திருந்தோம். விமான நிலையத்து ஆள் ஒருவர் சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. மேலுதடு முழுக்க வியர்வை. மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகளும் விரித்து வைத்தபடி இருந்தன. "எப்படி அண்ணி வந்தீங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சொன்ன மாதிரியே பட்டன அழுத்திச் சாஞ்சுக்கிட்டேன் தம்பி. நல்லாத் தூங்கிட்டு வந்தேன்" என்றார். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன், கேட்டீர்களா என்பது போல. மறுவாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். மேலாளர் என் தோளில் தட்டினார்.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் விரிசல். விழுந்ததில் வந்த விரிசல்தான், ஆனால் அதற்குப் பிறகு எலும்பு இடம் நகர்ந்திருக்கிறது, நரம்பை நசுக்குகிறது என்றார். விழுந்த பிறகு பாரம் தூக்கினாரா, எதையாவது பலமாகத் தள்ளினாரா என்று கேட்டார். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு "இல்லீங்க" என்றார். பயணம் எப்படி என்று டாக்டர் கேட்டார். அதற்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "இருக்கையைச் சாய்த்துக்கொண்டு படுத்தபடிதான் வந்தார், டாக்டர். நான் அந்தத் துறையில்தான் இருக்கிறேன்." டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

அதன்பிறகு அண்ணியால் மட்டமாகப் படுக்க முடியவில்லை, நிமிர்ந்து உட்காரவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருந்தால் வலி பொறுக்கும்படி இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு வந்து, அண்ணன் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பலகையையும் இரும்புக் குழாயையும் அண்ணனைக் கேட்டு வாங்கி, சாய்கிற நாற்காலி ஒன்று செய்தேன். நான் கையால் செய்த ஒரே இருக்கை அதுதான். முதுகுக்கு ஐந்து படி. பக்கத்தில் ஒரு பிடி, தூக்கினால் ஒரு படி இறங்கும். குறுக்கே மடக்கி இறக்கும் ஒரு ட்ரேயும் வைத்தேன். வெலிமடையிலிருந்து வாரச் சந்தைக்கு வரும் லீக்ஸையும் கரட்டையும் அதில் வைத்து நறுக்குவார். நறுக்கிக்கொண்டே, கதவுக்கு வெளியே போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வாயைக் கிளறுவார். கொழுந்து எடுக்கப் போகிற பெண்களுக்கு எங்கள் வாசல் ஒரு சின்ன ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பிடியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்திருந்தேன். குழந்தைகூடத் தூக்கலாம், அவ்வளவு இலேசு. "அண்ணன் வரட்டும்" என்பார். அண்ணன் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை வலியோடு அதே படியில் உட்கார்ந்திருப்பார். ட்ரேயையும் அப்படியே, வேறு யாராவது இறக்கிக் கொடுக்க வேண்டும். என் செய்நேர்த்தியில் நம்பிக்கையில்லை போலும் என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பிடியை இரண்டு தடவை மாற்றிக்கூடக் கொடுத்தேன்.

ஐந்து வருடம் கழித்து, அவருடைய மருந்துக்கான ஓர் உதவிப் படிவத்தை நிரப்பப் பழைய பாஸ்போர்ட்டின் பிரதி தேவைப்பட்டது. அண்ணன் அதைக் கொழும்புக்கு என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டிருந்தது. உள்ளே அந்தப் பயணத்தின் போர்டிங் பாஸ் துண்டு மடியாமல் இருந்தது. பேர், விமான எண், வரிசை, எழுத்து. மற்றவர்கள் பேரைப் பார்ப்பார்கள். நான் வரிசை எண்ணைப் பார்த்தேன், தொழில் புத்தி. அந்த வழியில் அந்தக் கம்பனி ஓட்டுகிற விமானத்தின் இருக்கை அமைப்புப் படம் என் கணினியிலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். அது கடைசி வரிசை.

கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர். அந்த விமானத்தில் அந்த வரிசை சாயாது. முதுகைப் பிடிக்கும் தண்டுக்குப் பதிலாக ஒரு நேரான இரும்புக் கம்பியைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஆனால் கைப்பிடி எல்லா வரிசைக்கும் ஒரே அச்சில் வருவதால் பட்டன் மட்டும் இருக்கும். அழுத்தினால் உள்ளே போகும், வெளியே வரும். பின்னால் எதுவும் இணைந்திருக்காது. இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தக் குரல் பதிவைப் பேசினேன். அண்ணிக்கு எந்த வரிசை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தேன் என்று அவர் சொன்னது பொய். அந்த ஐந்து மணி நேரத்தில் என்ன நடந்தது? டாக்டர் கேட்ட கேள்விக்கு ஏன் சுவரைப் பார்த்தார்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் மூன்று மாதம் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசினோம். மழை பெய்கிறதா, மருந்து இருக்கிறதா, அட்டைக்கடி கூடிப்போச்சா. எல்லாம் கேட்டேன். பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

தைப்பொங்கலுக்குப் போனபோது கேட்டேன். அண்ணன் விறகு எடுத்துவரப் போயிருந்தார். பகல் பதினொரு மணி இருக்கும். மலையில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அண்ணி நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இத ஏன் அண்ணி இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?" என்றேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார், யாரும் வருகிறார்களா என்று.

"கேக்கணும்னுதான் இருந்தேன் தம்பி. ஒங்களுக்கு ஆபீஸ்ல ஒண்ணும் பிரச்சின வரலயே?"

எனக்குப் புரியவில்லை. "என்ன பிரச்சின?"

"அந்த சீட்ட நான் ஒடச்சுப்புட்டேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். ஏறியதும் பட்டனைத் தேடிப் பிடித்தாராம். நான் சொன்ன இடத்திலேயே இருந்ததாம். "அழுத்திக்கிட்டு நாலஞ்சு தடவ தள்ளினேன். அசையல. நீங்கதான் மொதல்ல இறுக்கமா இருக்கும்னு சொல்லியிருந்தீங்கல்ல. கால முன் சீட்டுக்கு அடியில ஊண்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு ஒரே தள்ளு. டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு தம்பி. எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிருச்சு. சரி, ஒடஞ்சிருச்சுன்னு தெரிஞ்சிருச்சு. பக்கத்துல இருந்த பொம்பள தூங்கிக்கிட்டு இருந்தா, அவளுக்குத் தெரியாது. அதுக்கப்புறம் எதையும் தொடல. சோறு குடுத்தாங்க, முன்னால மடக்கியிருந்த பலகையையும் ஒடச்சுருவேனோன்னு மடியிலயே வச்சுக்கிட்டேன். தின்னவும் முடியல."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒங்க கம்பனி சீட்டு."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் வாசித்துத்தான் வேலைக்குப் பிரிப்பார்கள். தோட்டத்துச் சாமான் ஏதாவது உடைந்தால் உடைத்தவர் பேர் அங்கேதான் எல்லோர் முன்னாலும் கூப்பிடப்படும். அவர் பேரோடு விடமாட்டார்கள், லயமும் வீட்டு நம்பரும் சொல்லி, அந்த வீட்டில் இருந்து வேலைக்கு வந்திருக்கும் மற்றவர்களையும் முன்னால் வரச் சொல்வார்கள். அண்ணி சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய அப்பா கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியை முறித்துவிட்டாராம். அம்மாவும் சித்தப்பாவும் அவரோடு போய்க் களத்தில் நின்றதை அண்ணி பார்த்திருக்கிறார். வீட்டில் ஒருவர் உடைத்தால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது அவருக்கு அப்படித்தான் தெரியும்.

"துண்டுல எம் பேரும் இருக்கு, சீட்டு நம்பரும் இருக்கு" என்றார். "என்னைக்காவது தேடிக்கிட்டு வந்து ஒங்கள நிக்க வச்சுக் கேட்டா, இந்தா, ஒடச்சது நான்தான், அவருக்குத் தெரியவே தெரியாதுன்னு காட்டணும்ல. அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

நான் அந்த இருக்கையின் படத்தைப் பார்த்தவன். அதன் முதுகில் இருப்பது திடமான இரும்பு. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அதில் டொக்கென்று சத்தம் வர ஒரு பொருளும் இல்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதன்பிறகு ஒன்றும் தோன்றவில்லை. இன்றுவரைக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது சாயாத சீட்டு, நீங்கள் எதையும் உடைக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்து, அப்போ என்ன சத்தம் அது என்று கேட்பார். மந்தமானவர் இல்லை அண்ணி. கேட்காவிட்டாலும் ராத்திரி பகலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார்.

"ஒரு சின்னக் கொக்கிதான் அண்ணி" என்றேன். "அன்னைக்கே மாத்திட்டாங்களாம். பேரெல்லாம் யாரும் கேக்கல."

"நெசமாவா?"

"ஆமாங்க அண்ணி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார். ஐந்து வருடமாக அடைத்து வைத்திருந்த மூச்சு அது என்பது தெரிந்தது. துண்டை என் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்து, அடுப்பில் போடச் சொல்லிக் கொடுத்தார். நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியெல்லாம் பிடிக்கிறவர் இல்லை.

"ஒங்க சீட்ட ஒடச்சதுக்கு மன்னிச்சிருங்க தம்பி" என்றார்.

"பரவாயில்ல அண்ணி" என்றேன்.